பெரிய கே, சின்ன கே

கேள்வி: நான் ஜெர்மனியில் கல்வி வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். பொருள், ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெலும் அவர் தொடங்கிய கிண்டர்கார்ட்டனும். என் வழிகாட்டி ஜெர்மானியர். ஆங்கில வாக்கியத்துக்குள் வந்தாலும் ஜெர்மன் பெயர்ச்சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். இணை வழிகாட்டி இங்கிலாந்துக்காரர். அவர் அத்தனையையும் சிறிய எழுத்தாக்கித் திருப்பி அனுப்புகிறார். ஒரே அத்தியாயம் இருவருக்கும் இடையே நான்கு முறை போய் வந்துவிட்டது. ஏதாவது ஒரு விதியைச் சொல்லுங்கள், கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிடுகிறேன். மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஒரே தட்டில் மாற்றுவதை மட்டும் செய்துவிடாதீர்கள். நான் செய்து பட்டிருக்கிறேன்.

ஆங்கில நூல்களைச் செம்மையாக்குவது என் தொழில். தொழிலுக்கு வந்த புதிதில் ஐரோப்பிய இசை பற்றிய நூல் ஒன்று கைக்கு வந்தது. கவிதைக்கு மெட்டமைத்துப் பியானோவோடு பாடும் பாடலுக்கு ஜெர்மன் மொழியில் லீட் என்று பெயர். நூலாசிரியர் அதை ஓரிடத்தில் பெரிய எல் போட்டும் இன்னோரிடத்தில் சின்ன எல் போட்டும் எழுதியிருந்தார். நான் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சின்ன எல் ஆக்கினேன். மெய்ப்பு வந்தபோது ஒரு படத்தின் கீழே இப்படி இருந்தது: ஷூபர்ட், காற்புள்ளி, எல்-ஐ-இ-டி, காற்புள்ளி, 1815. சிறிய எழுத்தில் அந்த நான்கையும் பார்க்கும் ஆங்கில வாசகர் ‘லீட்’ என்றா படிப்பார்? ‘லைட்’ என்றுதான் படிப்பார், அதாவது ‘பொய் சொன்னார்’. அந்த ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிக் குவித்த 18 வயது இளைஞர், என் கைங்கரியத்தால் 1815-இல் பொய் சொன்னவராகிவிட்டார். நூலாசிரியர் கண்ணில் அது பட்டதால் பிழைத்தேன். அன்று முதல் ஜெர்மன் சொல் எதையும் கூட்டத்தோடு சேர்த்துத் திருத்துவதில்லை. ஒவ்வொன்றாகத்தான்.

உங்கள் வழிகாட்டியின் பக்கத்தை முதலில் பார்ப்போம். ஜெர்மன் மொழியில் பெரிய எழுத்து மரியாதைக்காகவோ அழுத்தத்துக்காகவோ போடுவது இல்லை. பெயர்ச்சொல் என்றால் போட வேண்டும், அவ்வளவுதான். மேசைக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு, பசிக்கும் பயத்துக்கும் உண்டு. ஆறு வயதில் எழுதப் பழகியதிலிருந்து அப்படியே கண் பழகிவிட்ட ஒருவருக்குச் சிறிய எழுத்தில் நிற்கும் பெயர்ச்சொல், நமக்கு ஒற்று விட்டுப்போன சொல் போல உறுத்தும். உறுத்தலுக்குக் காரணமும் இருக்கிறது. ஜெர்மன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பழைய எடுத்துக்காட்டு: ‘டேர் கெஃபாங்கெனெ ஃப்ளோ’. இரண்டாம் சொல்லுக்குப் பெரிய எழுத்துப் போட்டால் ‘கைதி தப்பியோடினான்’. மூன்றாம் சொல்லுக்குப் போட்டால் ‘பிடிபட்ட தெள்ளுப்பூச்சி’. காதுக்கு இரண்டும் ஒன்று. கண்ணுக்குத்தான் வேறு. இன்னொரு வேடிக்கை, ஆங்கிலேயர் ‘நான்’ என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். ஜெர்மானியர் ‘நான்’ என்பதைச் சிறியதாக எழுதி ‘தாங்கள்’ என்பதைப் பெரிதாக்குகிறார்கள். யார் பணிவுள்ளவர் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆனால் இந்த வழக்கம் ஜெர்மானியர் எல்லாருக்கும் உவப்பானதாக இருந்ததில்லை. கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப், கதை தொகுத்தவராக மட்டும் நம்மில் பலருக்குத் தெரிந்த அதே மனிதர், பெரிய மொழியியலாளர். பெயர்ச்சொற்களைச் சிறிய எழுத்தில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவரும் தம்பி வில்ஹெல்மும் தொடங்கிய ஜெர்மன் அகராதியின் முதல் தொகுதி 1854-இல் வந்தது. அதிலும் அப்படித்தான். டேனிஷ் மொழியும் ஒரு காலத்தில் ஜெர்மனைப் போலவே எழுதிக்கொண்டிருந்தது, 1948-இல் விட்டுவிட்டது.

ஆங்கிலமும் அந்த வழியில் நடந்து திரும்பியதுதான் என்பதை உங்கள் இணை வழிகாட்டிக்கு நினைவூட்டலாம். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையைப் பாருங்கள். மக்கள், ஒற்றுமை, நீதி என்று பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் நிமிர்ந்து நிற்கும். பிறகு ஆங்கிலம் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. ஆகவே இன்று ஆங்கிலத்துக்குள் குடியேறும் பெயர்ச்சொல், ஆங்கிலப் பெயர்ச்சொல்லாகிவிட்டால், பெரிய எழுத்தை வாசலிலேயே கழற்றி வைக்கிறது. முதுகில் மாட்டும் ரக்சாக் கழற்றிவிட்டது. குவார்ட்ஸ், நிக்கல், கோபால்ட் எல்லாம் ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் வாயிலிருந்து வந்து எப்போதோ கழற்றிவிட்டன. ஹாம்பர்க் என்ற ஊரின் பெயரே உள்ளே இருந்தும் ஹாம்பர்கருக்குச் சின்ன எச்தான். ருடால்ஃப் டீசல் என்ற மனிதரின் பெயர் எண்ணெய்க்கு வைத்ததும் சின்ன டி ஆகிவிட்டது. அதிர்வெண்ணின் அலகான ஹெர்ட்ஸ், ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரின் பெயர். அலகை முழுச்சொல்லாக எழுதினால் சின்ன எச், குறியீடாக எழுதினால் பெரிய எச். அறிவியலாளர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்த விதி அது. சொற்களுக்கு அப்படி யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதால்தான் உங்கள் அத்தியாயம் நான்கு முறை பயணம் போயிருக்கிறது.

இருவரும் அவரவர் மொழிக்குள் நின்று சரியாகத்தான் சொல்கிறார்கள். இருவரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வாக்கியத்தில் அந்தச் சொல் ஆங்கிலச் சொல்லாக வேலை செய்கிறதா, இல்லை, ஒரு ஜெர்மன் சொல்லை வாசகருக்கு எடுத்துக் காட்டுகிறீர்களா? சொல்லை வைத்து முடிவு செய்ய முடியாது. வாக்கியத்தை வைத்துத்தான் முடியும். ஒரே சொல் ஒரே பக்கத்தில் இரண்டாகவும் இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் கிண்டர்கார்ட்டன் 11 இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். முதல் பத்தியில், 1837-இல் துரிங்கியப் பகுதியின் பிளாங்கன்பர்க்கில் ஃப்ரோபெல் தொடங்கிய நிலையத்துக்கு வாய் வலிக்கும் நீண்ட பெயர் ஒன்று இருந்தது என்றும், 1840-இல் அவர் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்ற சொல்லைப் படைத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே நீங்கள் பள்ளியைப் பற்றிப் பேசவில்லை, ஒரு ஜெர்மன் சொல் பிறந்ததைப் பற்றிப் பேசுகிறீர்கள். குழந்தைகள், தோட்டம் என்ற இரண்டு சொற்களும் எப்படி ஒட்டின என்று அடுத்த வரியில் பிரித்தும் காட்டுகிறீர்கள். அந்த இரண்டு இடத்திலும் பெரிய கே, சாய்வெழுத்து. மூன்றாம் இடம், அதே 1840-இல் தொடங்கிய ‘பொது ஜெர்மன் கிண்டர்கார்ட்டன்’. அது நிறுவனத்தின் பெயர். பெயருக்கு ஆங்கிலமும் பெரிய எழுத்துத்தான் போடும், சாய்க்க வேண்டாம். இந்த மூன்றிலும் உங்கள் ஜெர்மன் வழிகாட்டி வென்றார்.

மீதி 8 இடமும் சின்ன கே. 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது என்பது ஆங்கில வாக்கியம், அதில் வருவது ஆங்கிலப் பன்மை. (ஃப்ரோபெலையும் சோசலிசக் கருத்துடைய அவருடைய அண்ணன் மகனையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டதுதான் தடைக்குக் காரணம் என்று சொல்வார்கள். 1860 வரை தடை நீடித்தது. 1852-இல் இறந்துபோன ஃப்ரோபெல் அது நீங்கியதைப் பார்க்கவில்லை. ஓர் எழுத்துக்காக நாம் இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம், ஓர் ஆளையே மாற்றிப் படித்திருக்கிறார்கள்.) 1856-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்டவுனில் மார்கரெத்தெ ஷுர்ஸ் தொடங்கியதற்கும் சின்ன கேதான். அங்கே பேசியது ஜெர்மன் என்பதால் பெரிய கே என்று ஓரத்தில் குறித்திருக்கிறார் உங்கள் வழிகாட்டி. குழந்தைகள் எந்த மொழி பேசினார்கள் என்பது கணக்கில்லை, நீங்கள் எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. 1860-இல் பாஸ்டனில் எலிசபெத் பீபாடி ஆங்கிலத்தில் தொடங்கிய பள்ளிக்கு வரும்போது இருவருக்கும் சண்டையே இருக்காது.

பில்டுங் வேறு ரகம். கல்வி என்றாலும் போதாது, பண்பாடு என்றாலும் போதாது, ஒருவர் தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்வது என்று விரித்தால் ஓரளவுக்குப் பிடிபடும். மொழிபெயர்க்க முடியாது என்பதால்தானே அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறீர்கள்? ஆங்கிலம் அதை இன்னும் தனதாக்கிக்கொள்ளவில்லை. ஆய்வேடு முழுக்கப் பெரிய பி, சாய்வெழுத்து. அதன் வயிற்றில் பிறந்த பில்டுங்ஸ்ரோமான், ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதை சொல்லும் நாவல் வகை, ஆங்கில இலக்கிய வகுப்புகளில் புழங்கிப் புழங்கிச் சின்ன பி ஆகிவிட்டது. தாய் வெளியூர்க்காரி, பிள்ளை உள்ளூர்க்காரன். ஒரே பக்கத்தில் இருவரும் வந்தால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உங்கள் இரண்டாம் பத்தியில் வரும் கிம்னாசியும்தான் மிக ஆபத்தானது. இணை வழிகாட்டி அதையும் சின்ன ஜி ஆக்கியிருக்கிறார். ஜெர்மனியில் அது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் மேல்நிலைப் பள்ளி. ஆங்கிலத்தில் சின்ன ஜி போட்டால் உடற்பயிற்சிக்கூடம். ‘அந்தச் சிறுவன் எட்டு ஆண்டுகள் ஜிம்னாசியத்தில் கழித்தான்’ என்று ஓர் ஆங்கில வாசகர் படித்தால், பையன் உடம்பைத் தேற்றினான் என்றல்லவா நினைப்பார்? பெரிய எழுத்தும் சாய்வும் இங்கே அலங்காரம் இல்லை, எச்சரிக்கைப் பலகை. ஜெர்மனியின் மாநிலத்தைக் குறிக்கும் லாண்ட் என்ற சொல்லும் இப்படித்தான். சின்ன எல் போட்டால் நிலம் ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஏற்கெனவே அதே எழுத்துகளில் வேறொரு சொல் உட்கார்ந்திருந்தால், ஐயமே வேண்டாம், பெரிய எழுத்தை விடாதீர்கள். என் ஷூபர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரோபெலின் விளையாட்டுப் பொருள்களை, கம்பளிப் பந்துகள் ஆறு, மரத்தாலான உருண்டையும் கனசதுரமும் உருளையும் என்று வரிசையாக நீளுமே, அவற்றை ஜெர்மன் பெயரிலேயே ‘காபென்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஆங்கிலத்தில் நூறாண்டுக்கு மேலாக ‘கிஃப்ட்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. முதல் முறை ஜெர்மன் சொல்லைச் சாய்வில் காட்டிவிட்டு, பிறகு ஆங்கிலச் சொல்லையே பயன்படுத்துங்கள். உங்கள் வழிகாட்டி அதைப் பார்த்து முகம் சுளித்தால் காரணம் இருக்கிறது: ஜெர்மன் மொழியில் அதே எழுத்துகளுக்கு ‘நஞ்சு’ என்று பொருள்.

பெரிய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னும் மூன்று இருக்கின்றன: சாய்வெழுத்து, உயிரெழுத்தின் தலையில் வைக்கும் இரட்டைப் புள்ளி, பன்மை. ஜெர்மன் சொல்லாகக் காட்டுகிறீர்கள் என்றால் நான்கும் ஜெர்மன்படி. ஆங்கிலச் சொல்லாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பெரிய எழுத்தும் சாய்வும் போய்விடும், பன்மைக்கு ஆங்கில எஸ் வரும். புள்ளிகள் மட்டும் அகராதியைப் பொறுத்து நிற்கும் அல்லது உதிரும். உங்கள் பக்கத்தில் ஓரிடத்தில் கிண்டர்கார்ட்டனைப் பெரிய கே போட்டு, சாய்த்து, கடைசியில் ஆங்கில எஸ்ஸை ஒட்டியிருக்கிறீர்கள். ஜெர்மன் பன்மையில் எஸ் கிடையாது, நடுவில் இருக்கும் ‘ஆ’ ஒலி ‘ஏ’ ஆகி, தலையில் புள்ளிகள் வரும். நம் இலக்கணத்தில் வடசொல்லைத் தற்சமம், தற்பவம் என்று பிரிப்பார்கள் அல்லவா? ரிஷபம் என்றும் எழுதலாம், இடபம் என்றும் எழுதலாம். ரிடபம் என்று எழுதினால் தமிழாசிரியர் காதைத் திருகுவார். உங்கள் சாய்ந்த எஸ் அந்த ரிடபம்தான்.

ஃப்ரோபெல் பெயரிலும் இதே தகராறு. ஆங்கில நூல்கள் பலவற்றில் புள்ளி வைத்த ஓ-வுக்குப் பதில் ஓ-இ என்று இரண்டெழுத்தாக எழுதுவார்கள். அது தவறில்லை, ஜெர்மானியரே ஏற்கும் மாற்று வழி. வெறும் ஓ மட்டும் எழுதுவதுதான் தவறு. உங்கள் சொந்த வாக்கியங்களில் புள்ளி வைத்த வடிவம், ஆங்கில நூல்களின் தலைப்பில் அந்த நூலில் உள்ள வடிவம். மேற்கோளுக்குள் கை வைக்கவே கூடாது, அங்கே பெரிய எழுத்து இருந்தால் பெரியது, சிறியது இருந்தால் சிறியது.

ஜெர்மன் வாசனை வரும் சொல்லெல்லாம் பெயர்ச்சொல் என்று நினைத்துப் பெரிய எழுத்துப் போடுகிறவர்களையும் நான் நிறையப் பார்க்கிறேன். தடை செய்யப்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் ஃபெர்போட்டன், கெட்டுப்போனது என்ற பொருளில் வரும் கபுட் ஆகியவை ஜெர்மனிலேயே சிறிய எழுத்தில் எழுதப்படுபவை, ஏனென்றால் அவை பெயர்ச்சொற்களே அல்ல. அவற்றுக்குப் பெரிய எழுத்துப் போடுவது ராஜாவை விட ராஜ விசுவாசம். ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் சொற்களிலும் இதே அடம் உண்டு. அந்த மொழி கேட்பதற்கு ஜெர்மன் போல இருக்கும், எழுதுவது எபிரேய எழுத்தில். எபிரேய எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதமே கிடையாது.

வரலாற்றுச் சொற்களில் ஆங்கில விதியே பெரிய எழுத்தைக் கேட்கும் இடங்களும் உண்டு. 1834-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியமான சோல்ஃபெரைன், 1938-இல் ஆஸ்திரியாவை விழுங்கிய ஆன்ஷ்லுஸ் ஆகியவை குறிப்பிட்ட ஒன்றின், ஒரு நிகழ்வின் பெயர்கள். லண்டன் மீது 1940-41-இல் விழுந்த குண்டு மழையை ஆங்கிலேயர் பெரிய பி போட்டு ‘பிளிட்ஸ்’ என்பார்கள், மின்னல்வேகப் போரைக் குறிக்கும் பிளிட்ஸ்கிரீகுக்குச் சின்ன பி போதும். உங்கள் ஆய்வில் போர்கள் அதிகம் வரா என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

ஒரு சொல் குடியேறிவிட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அகராதியைத் திறக்க வேண்டியதுதான். ஆங்கில எழுத்து முறைக்கான சிகாகோ கையேட்டைப் பின்பற்றுகிறவர்கள் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைப் பார்ப்பார்கள். அதில் இடம் பிடித்துவிட்ட சொல்லுக்குப் பொதுவாகச் சாய்வு வேண்டியதில்லை. ஆனால் அதே அகராதி சில ஜெர்மன் சொற்களுக்கு அருகே ‘பல வேளைகளில் பெரிய எழுத்தில்’ என்று ஒரு குறிப்பைப் போட்டு நழுவிவிடும். காலத்தின் போக்கைச் சொல்லும் சைட்கைஸ்ட், அடுத்தவர் விழும்போது நமக்கு வரும் அந்த இன்பத்தைச் சொல்லும் ஷாடன்ஃப்ராய்டெ, இவை வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே நெடுநாள் நின்றவை. நான் இரண்டுக்கும் சிறிய எழுத்துத்தான் போடுகிறேன். பத்திரிகைத் தலையங்கம் வரை வந்துவிட்ட சொல்லுக்கு இன்னும் விருந்தாளி மரியாதை எதற்கு? என்னோடு ஒத்துப்போகாத நல்ல செம்மையாக்குநர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நூல்களிலும் குறை சொல்ல முடியாது, முதல் பக்கத்தில் போட்டதைக் கடைசிப் பக்கம் வரை போட்டிருப்பார்கள்.

இரண்டு வழிகாட்டிகளைச் சமாளிக்க என் தொழிலில் ஒரு பழைய உபாயம் உண்டு. அத்தியாயத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அரைப் பக்கத்தில் சொற்பட்டியல் ஒன்று தயாரியுங்கள். உங்கள் ஆய்வேட்டில் 20, 25 ஜெர்மன் சொற்களுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத்து, சாய்வு, புள்ளி, பன்மை என்று உங்கள் முடிவை எழுதுங்கள். கிண்டர்கார்ட்டனுக்கு மட்டும் இரண்டு வரிகள், சொல்லாகக் காட்டும்போது ஒன்று, பள்ளியாகப் பேசும்போது ஒன்று. பல்கலைக்கழகத்துக்கென்று எழுத்து முறை விதிகள் இருந்தால் அதை முதலில் பார்த்துவிடுங்கள், இருந்தால் என் பேச்சும் அவர்கள் பேச்சும் செல்லாது. அந்த அரைப் பக்கத்தை இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஐந்தாவது பயணம் தொடங்கிவிடும். பட்டியல் ஒப்புதலானதும் கணினியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுங்கள், ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானைத் தொடாமல், ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்து மாற்றுங்கள். ஒரு பிற்பகல் வேலை.

கடைசியாக ஒன்று. மூன்றாம் பத்தியில், ஃப்ரோபெல் கட்டக் காகிதத்தில் குழந்தைகளுக்குக் கற்பித்த கோட்டு வடிவங்களைப் பார்த்ததும் உங்கள் பாட்டி வாசலில் போட்ட கோலம் நினைவுக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோலத்துக்கும் பெரிய கே போட்டிருக்கிறீர்கள். வழிகாட்டிகள் இருவருமே அதில் கை வைக்கவில்லை, அவர்களுக்குத் தெரியாத மொழி. இட்லி, ஜல்லிக்கட்டு, கோலம் என்று நம் சொற்களை ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் நாம் ஏனோ பெரிய எழுத்தைத் தேடிப் போகிறோம். ஜெர்மானியரிடமாவது அதற்கு ஒரு விதி இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை, கோலம் பொதுப்பெயர், வாக்கியமோ ஆங்கிலம். முதல் முறை வரும்போது சாய்த்து எழுதி, என்னவென்று அரை வரியில் சொல்லிவிட்டு, சின்ன கே போட்டுவிடுங்கள். அடுத்த வரியில் வரும் புள்ளிக்கோலத்தின் பெரிய பி-க்கும் அதே வைத்தியம்தான்.